அரைப் புள்ளிக்கு ஒரு லண்டன்

பரவைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த, என் முதல் சதுரங்கப் போட்டி அது. கடைசிச் சுற்றுக்கு உட்கார்ந்தேன். அதுவரை எல்லா ஆட்டத்திலும் தோற்றிருந்தேன். முதல் போட்டியில் அரைப் புள்ளிகூட எடுக்காதவன் ஆடியது ரேட்டிங் கணக்கிலேயே சேராதாம். ஐம்பதை நெருங்கும் வயதில், முதுகு ஒடிய ஆடியும் ஆடாதவன் ஆவதென்றால் யாருக்கும் குலை நடுங்கும்.

எதிரே உசிலம்பட்டிக்காரர், டவுன் பஸ் கண்டக்டர். ரேட்டிங் உள்ளவர், இந்தத் தடவை அடிபட்டு என் மேஜைவரை இறங்கி வந்திருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் லண்டன் சிஸ்டம். ராணிக்கு முன்னாலிருக்கும் சிப்பாயைத் தள்ளி, பிஷப்பை வெளியே விட்டு, மற்ற சிப்பாய்களால் வேலி போட்டுக்கொள்ள வேண்டியது. அப்புறம் எதிராளி என்ன செய்தாலும் கண்டுகொள்ளாமல் நம் காரியத்தைப் பார்க்கலாம். அலுவலகத்தில் நெடுங்காலம் பயின்ற வித்தைதான். ஆனால் கண்டக்டரின் ராணி வேலிக்குள் புகுந்து ஒரு சிப்பாயைத் தின்றது. என் படிப்பு அதோடு முடிந்தது. பயத்தில் யானையால் ராணியை விரட்டினேன். அது ஒதுங்கியது, யானை பின்னால் போனது. ராணி பழைய இடத்துக்கு வர, யானையும் வந்தது. மறுபடியும் அதே கூத்து. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம், ஆளுக்கு அரைப் புள்ளி. மூன்றாம் முறை யானையை வைத்து, கடிகாரத்தை அமுக்கிவிட்டு, கையைத் தூக்கினேன்.

நடுவர் வந்தார். “சார், காய நகத்தாம, தாள்ல எழுதிட்டு என்னையக் கூப்பிட்டிருக்கணும். கிளாக்க வேற அமுக்கிட்டீங்க. இனி அவரு முறை.”

கேட்கும் உரிமை கண்டக்டர் கைக்குப் போய்விட்டது. அவர் கேட்டால் பிழைப்பேன். கேட்காமல் ராணியை வேறு பக்கம் ஓட்டினால், தின்ற சிப்பாயின் பலத்திலேயே என்னைச் சாவகாசமாகக் கொல்லலாம். அவர் பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. சமையற்கட்டில் யாரோ அண்டாவை உருட்டிய சத்தத்துக்கு நான் பாதி எழுந்தே விட்டேன்.

“சார்,” என்று நடுவரைப் பார்த்தார். “நான் கேக்குறேன். டிரா.”

வெளியே டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏண்ணே, அந்தக் குதிரைய உள்ள எறக்கியிருந்தா என் ராணிக்குப் போக்கிடமே இல்ல. எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு. எதுக்குண்ணே விட்டீக?”

எனக்கு ஒரு குதிரை இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“பாவமா இருந்துச்சு,” என்றேன்.

“இம்புட்டுப் பாவம் பாத்தா ரேட்டிங் ஏறாதுண்ணே.”

ஏறுவதா? ஆடினவன் என்று கணக்கில் சேர்ந்துவிட்டேன், அது போதும்.