போன ஆட்சியின் நோட்டீஸ்

அபிராமபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர்மூலையில் ஓர் அக்கா மீன் விற்கிறார். பட்டினப்பாக்கத்துக்காரர். பேரம் பேசுகிறவர்களிடம், "கடல்ல சும்மாத்தான் கீது, போய் எடுத்துக்கினு வா" என்பார். அவர் சொல்வதையெல்லாம் வீணான தாள்களின் பின்பக்கத்தில் குறித்துவைப்பது என் வழக்கம்.

தேர்தல் முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அவருக்கு மாநகராட்சியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. நடைபாதையைக் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் எழுதித் தர வேண்டும். அந்த மூலை போனால் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டியதுதான். அவருக்கோ முழங்கால் வலி.

எங்கள் தெருவில் மனு எழுதுகிறவன் நான். உட்கார்ந்து எழுதுவதற்குள் வாக்கு எண்ணிக்கை வந்துவிட்டது. எங்கள் பக்கம் ஜெயித்தது. பட்டாசுச் சத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"போன ஆட்சி குடுத்த காயிதம்கா இது. அவங்களே போயிட்டாங்க, இது செத்துப்போச்சு. தூக்கிப் போடு."

"மெய்யாலுமா நைனா?"

"அதான் நான் சொல்றேன்ல."

இத்தனைக்கும் ஞாயிறுதோறும் மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் கூடும் இடதுசாரி வாசிப்பு வட்டத்துக்குப் பல வருடமாகப் போகிறவன் நான். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. அரசியல் அங்கே கேட்டதுதான். அரசாங்கம் என்பது ஐந்து வருடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்கள். அரசு வேறு: போலீஸ், கோர்ட், அலுவலகம், கோப்பு, யாருடைய சொத்துக்குக் காவல் நிற்பது என்பதில் மாறாத அந்த ஏற்பாடு முழுவதும். முதலாவதைப் பிடித்தவன் இரண்டாவதையும் பிடித்துவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவான். டீக்கடையில் எத்தனை பேருக்கு இதை விளக்கியிருப்பேன்!

முடிவு வந்த மூன்றாவது வாரம் லாரி வந்தது. நோட்டீஸ் கொடுத்த அதே அதிகாரி, அதே கோப்பு.

"சார், அது போன ஆட்சியில குடுத்ததாச்சே" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்சி போச்சு, சரி. நான் எங்க போனேன்? ஆட்சேபம் எழுதிக் குடுத்தீங்களா? இல்லல்ல. நானும் உங்க கட்சிக்குத்தாங்க ஓட்டுப் போட்டேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். குடையும் பலகையும் ஐஸ் பெட்டியும் லாரியில் ஏறின. அக்கா லாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"செத்துப்போச்சுன்னியே. எழுந்து நடந்து வந்துகீது பாரு."

அன்று முழுக்கக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மெஷினைப் போடுகிறேன், அணைக்கிறேன், வாசலுக்கு வருகிறேன், திரும்புகிறேன். ஆதார் அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்து இரண்டு பேரிடம் திட்டு வாங்கினேன்.

மறுநாள் அக்காவே வந்து, "எழுது" என்றார்.

"மந்திரிக்கே எழுதிடவாக்கா? நம்ம ஆளுதான்."

"நீ இன்னும் அங்கயே நிக்கிற. அந்த ஃபைலு எந்த மேசைல கீதோ அந்த மேசைக்கு எழுது. ஆளு வருவான், போவான்."

எழுதினேன். கெடு தவறியது என் பேச்சைக் கேட்டதால்தான் என்றும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை விசாரணைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

"எடம் கெடச்சிடுமா?" என்று இன்று காலையும் கேட்டார்.

"தெரிலக்கா."

"இப்பத்தான் ஒழுங்கா பேசுற" என்றார். கூடையைத் தலையில் ஏற்ற ஒரு கை கொடுத்தேன். நொண்டிக்கொண்டே அடுத்த தெருவில் திரும்பினார். அவர் கூவும் குரல் கேட்கிறதா என்று கடையைத் திறந்துபோட்டுவிட்டு தெருமுனை வரைக்கும் போய் நின்றேன்.