ஊர் எல்லைக்குள் வராத துப்பாக்கி

மரியசூசை இறந்துவிட்ட செய்தியை ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். "முன்சீப்பய்யா, உங்க ஊரு துப்பாக்கிக்காரர் போயிட்டாராமே" என்றார். நான் நம்பவில்லை. யார் சொன்னது, சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, எந்த ஊர்த் துப்பாக்கிக்காரர் என்று வரிசையாகக் கேட்டேன். "செத்ததுக்குக்கூடவாய்யா சாட்சி கேப்பீக?" என்று சலித்துக்கொண்டு அவர் விசிலை ஊதிவிட்டார். ஊருக்கு வந்து சூசை வீட்டு வாசலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்த பிறகும் பாதிதான் நம்பினேன். சூசை இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பார்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரை டவுனில் பாங்கு வாசலில் பார்த்திருப்பீர்கள். காக்கிச் சட்டை, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி, யார் படியேறினாலும் முதலில் கையைப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்க்கும் கண். அந்தத் துப்பாக்கி அந்த வாசலுக்கு வந்து சேரப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. துக்க வீட்டில் ஒருவர், எங்கள் ஊர் அவரை இரு கை நீட்டி வரவேற்றதாகப் பேசிக்கொண்டிருந்தார். அது சுத்தப் பொய். ஊரே அவரைச் சந்தேகப்பட்டது. முதல் ஆள் நான். கிராம முன்சீப்பாக இருந்தவன் சந்தேகப்படாமல் வேறு யார் படுவது? அதற்காக நான் வருந்தவில்லை. வருந்தினால் அவரே திட்டியிருப்பார்.

எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழைக்குப் பிறகு நாரையும் கொக்கும் கூழைக்கடாவும் வந்து தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். பட்சி எச்சம் விழுந்த தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனி உரம் வேண்டாம். பட்சி வராத வருஷம் மழையும் வராது என்பது ஊரின் நம்பிக்கை. ஆகவே எங்கள் ஊரில் வெடிச் சத்தம் கிடையாது. தீபாவளிக்கு வெடி இல்லை, கல்யாணத்துக்கு வேட்டு இல்லை, சாவுக்கும் இல்லை. இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஒரு மனுஷன் துப்பாக்கியோடு குடிவந்தார்.

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் என்று ஆன சமயம் அது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். போனேன். வேப்பமரத்தடியில் ஒரு தகரப்பெட்டி மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஞானம்மாள். எங்கள் ஊர் வேதக்கோயில் தெருவில் பிறந்து மலை மேல் பீருமேட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். உள்ளே ஏட்டுக்கு முன்னால் சூசை நின்றார். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்து மீன்பிடிக் குடும்பம். தகப்பனார் வள்ளத்தைப் புயலுக்குப் பறிகொடுத்துவிட்டு மலையேறியவர். மகன் ஏலத்தோட்டத்தில் காவல். யானைக்கும் பன்றிக்கும் வெடி போடுகிற வேலை. துப்பாக்கி அவருடைய சொந்தத் துப்பாக்கி. தோட்டம் கை மாறியதும் வேலை போயிற்று.

"லைசென்ஸ் அந்த ராஜ்யத்துக்குள்ளதான் செல்லும்" என்றார் ஏட்டு. "இங்கன செல்லாது."

"தெரியும்யா. அதான் வீட்டுக்குப் போகாம நேரா இங்கன வாரேன். புது லைசென்ஸ் வாங்குற வரைக்கும் நீங்க வச்சுக்கங்க" என்றார் சூசை.

ஏட்டு துப்பாக்கியை வாங்கிச் சுவரில் சாய்க்கப் போனார். சூசை விடவில்லை. "திறந்து பாருங்கய்யா."

"காலின்னு நீதானே சொன்ன?"

"நான் சொன்னா? நான் யாரு உங்களுக்கு?"

ஏட்டு முறைத்துக்கொண்டே துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் பார்த்தார். காலி. "இப்ப நம்புங்க" என்றார் சூசை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்களும் பாருங்க முன்சீப்பய்யா, உங்க ஊருக்குத்தானே வாரேன்" என்றார். எனக்கு வந்தது நம்பிக்கை அல்ல. துப்பாக்கி வைத்திருப்பவன் இப்படித் தானாக வந்து ஒப்படைக்கிறான் என்றால் எதையோ மறைக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஊர் என்னைவிட வேகமாக நினைத்தது. மலையில் ஆளைச் சுட்டுவிட்டு ஓடிவந்தவன் என்றார்கள். தீவுக்காரன், இலங்கையிலிருந்து கள்ளச் சரக்கு இறக்க வந்திருக்கிறான் என்றார்கள். கண்மாய் மடை திறக்கிற நீர்பாய்ச்சி கருப்பையா, பட்சிக் கறி தின்ன வந்தவன் என்று முடிவே கட்டிவிட்டார். சூசை கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தால் கருப்பையா பத்தடி பின்னால் நடப்பார். சூசை நின்றால் அவரும் நிற்பார். ஒருநாள் சூசை திரும்பிப் பார்த்து, "பின்னால வந்தா என் கையில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? முன்னால வாங்க" என்றாராம். கருப்பையா அன்று பூராவும் இதையே சொல்லிச் சொல்லிக் கறுவினார்.

டவுனில் பாங்கு ஏஜெண்டு, இப்போது மானேஜர் என்கிறார்களே, அவர் சூசைக்குக் காவல் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். சொந்தத் துப்பாக்கியும் அதற்கு இந்த ராஜ்யத்து லைசென்ஸும் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. நாற்பத்தைந்து வயதில் சூசைக்கு வேறு தொழில் தெரியாது. மனு தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து என் அபிப்பிராயம் கேட்டு என்னிடமே வந்தது. ஊரைக் கூட்டினேன். கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சூசை எழுந்து கும்பிட்டார்.

"துப்பாக்கிய ஊர் எல்லைக்குள்ள கொண்டுவர மாட்டேன். பாங்கு பெட்டகத்துலயே வச்சுட்டு வெறுங்கையோட வாரேன்."

"கொண்டுவர மாட்டேன்னு எப்படி நம்புறது?" என்றார் கருப்பையா.

"நம்பாதீக. நம்பச் சொல்லி நான் கேக்கல. எப்ப வேணாலும் என் வீட்டுக்குள்ள வந்து பானை சட்டி வரைக்கும் திறந்து பாருங்க. என் பொஞ்சாதி ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

"அதை நான்ல சொல்லணும்" என்றார் ஞானம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து. கூட்டம் சிரித்தது. சிரித்த பிறகு முன்போல முறுக்கிக்கொள்ள யாருக்கும் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சூசை வீட்டுக்குப் போனார். முன்சீப்பின் எழுத்தையே நம்பாத ஆள்!

அந்தத் தை மாதம் ஒரு காலையில் கண்மாயில் வெடிச் சத்தம் கேட்டது. வானம் முழுக்கப் பறவை. ஊர் எங்கே ஓடியது என்று நினைக்கிறீர்கள்? சூசை வீட்டுக்கு. நானும்தான், அவர் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடப்பது தெரிந்தும். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். கருப்பையா வீட்டுக்குள் பாய்ந்து மூட்டை முடிச்சைப் புரட்டினார். "சத்தம் அங்கன கேக்குது, இங்கன என்னத்தத் தேடுறீக?" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் கண்மாய்க்கு ஓடியவர் சூசைதான்.

கரையில் ஒரு ஜீப் நின்றது. டவுனில் செல்வாக்குள்ள ஒரு கண்ட்ராக்டர், மைசூரிலிருந்து வந்த அவருடைய விருந்தாளி, டிரைவர். விருந்தாளி கையில் துப்பாக்கி. தண்ணீரில் ஒரு கூழைக்கடா செத்து மிதந்தது. கண்ட்ராக்டர் பெரிய அதிகாரிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். நான் தோள் துண்டை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டேன். சூசை என் காதருகே வந்து, "லைசென்ஸ் கேளுங்க முன்சீப்பய்யா. எந்த ராஜ்யத்து லைசென்ஸுன்னு கேளுங்க" என்றார்.

கேட்டேன். விருந்தாளி சிரித்துக்கொண்டே எடுத்து நீட்டினார். மைசூர் ராஜ்யத்துக்குள் மட்டும் என்று போட்டிருந்தது. எந்த ஒரு வரி சூசையின் துப்பாக்கியை ஸ்டேஷனில் படுக்க வைத்திருந்ததோ, அதே வரி. "இங்கன செல்லாதுங்க. ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கண்ட்ராக்டர் என்னை விட்டுவிட்டுச் சூசையைப் பார்த்தார். "காதுல ஓதுனியே, நீ யாருடா?"

"மரியசூசைங்க. துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கேன். தாலுகா ஆபீஸ்ல இருக்கு. மறந்துடாதீக."

ஜீப் போய்விட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "ஏய்யா, பேரச் சொன்னதோட நிப்பாட்டக் கூடாதா? மனுவ எதுக்குய்யா இழுத்த? உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினேன். "எப்படியும் விசாரிச்சுத் தெரிஞ்சுக்குவாக. நான் மறைச்சேன்னு ஆகும். மறைச்சா மனுஷனுக்குச் சந்தேகம் வரும்ல?" என்றார். செத்த கூழைக்கடாவைக் கருப்பையா கரைக்கு இழுத்துவந்தார். இருவரும் சேர்ந்துதான் அதைப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு கருப்பையா சூசைக்குப் பின்னால் நடக்கவில்லை.

மனு தூங்கிவிட்டது. பாங்கில் வேறொருவரைத் தற்காலிகமாக வைத்தார்கள். துப்பாக்கி பிடித்த கை கரம்பில் விறகு வெட்டிக் கரிமூட்டம் போட்டது, களை பிடுங்கியது. ஞானம்மாளின் காதில் இருந்தது காணாமல் போயிற்று. பொறுக்க மாட்டாமல், துப்பாக்கியே கூடாது என்ற அதே ஊர், துப்பாக்கியைக் கொடு என்று கேட்கத் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறியது. அதிகாரி எங்களை மேலும் கீழும் பார்த்தார். மாவட்டத்தில் கலவரம் ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "ஒருத்தன் துப்பாக்கி வச்சுக்க ஒரு ஊரே ஏன் திரண்டு வருது? யாரை அடிக்கத் திட்டம்?" என்றார். அதற்கு ஒரு விசாரணை. நாங்கள் உதவி செய்யப் போய் இன்னும் ஒரு வருஷம் இழுத்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சூசை விழுந்து விழுந்து சிரித்தார். "கரெக்டாத்தானே கேட்டிருக்காரு! நானா இருந்தாலும் அதத்தான் கேப்பேன்" என்றார்.

கடைசியில் அதிகாரி மாறினார், லைசென்ஸ் வந்தது, பாங்கு வேலையும் கிடைத்தது. ஸ்டேஷனில் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, அங்கிருந்தே டவுனுக்குப் பஸ் ஏறினார். ஊர் வழியாகப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, சுற்றிப் போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். எனக்கு அதுவும் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுகிற நேரமாகப் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைந்தேன். எச்சில் கையோடு எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தார், பாயை உதறினார், அடுப்படிப் பரணைக் காட்டினார். ஒன்றும் இல்லை. "இப்ப நம்புங்க" என்றார். ஞானம்மாள் எனக்கும் ஓர் இலை போட்டார். மீன் குழம்பு. அன்று முதல் சந்தேகத்தைச் சாக்காக வைத்துப் பல ஞாயிற்றுக்கிழமைகள் நான் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கும் அது தெரியும்.

"நம்புறவன் வீட்டுக்கு வரமாட்டான் முன்சீப்பய்யா. சந்தேகப்படுறவன்தான் வந்து வந்து பாப்பான்" என்று ஒருமுறை சொன்னார்.

நெஞ்சு வலி என்று படுத்து விடிவதற்குள் போய்விட்டார். மார்கழி மாதம், மரமெல்லாம் கூடு. மறுநாள் அடக்கத்துக்கு பாங்கு ஏஜெண்டு காரில் வந்தார். நல்ல மனுஷன். சூசையின் துப்பாக்கியையும் கொண்டுவந்திருந்தார். பெட்டி மேல் அதை வைத்து, குழியில் இறக்கும்போது மரியாதைக்கு வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடலாம், சிப்பாய்களுக்குப் போடுவார்களே என்று நினைத்திருக்கிறார். எல்லைப் பாலத்தில் கருப்பையா காருக்குக் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டார். "துப்பாக்கி உள்ள வராது. அது அவரு வாக்கு" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார். ஏஜெண்டு துப்பாக்கியை டிரைவரிடம் கொடுத்துப் பாலத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். பறையில்லாமல், வேட்டில்லாமல், கோயில் மணியை மட்டும் மெல்ல அடித்துச் சூசையை அடக்கம் செய்தோம். ஒரு பட்சிகூட எழும்பவில்லை.

லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் நாள் திருப்பலி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்போதே கொடுத்துவிடலாம் என்றார் ஞானம்மாள். இருவரும் ஏஜெண்டுடன் பாலத்துக்கு நடந்தோம். "காலிதான் முன்சீப், சூசை கையாலேயே இறக்கி வச்சது" என்று ஏஜெண்டு நீட்டினார்.

சூசையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் செய்ததைத்தான் சொல்வேன். ஏஜெண்டு சொன்னதை நான் நம்பவில்லை. ஏட்டு அன்று செய்ததைப் போலத் துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் காலி. இனி ஒரு குரல் வரவேண்டும் என்று என்னை அறியாமலே காத்து நின்றேன்.

"இப்ப நம்புங்க முன்சீப்பய்யா" என்றார் ஞானம்மாள்.

அப்போதுதான் சூசை செத்துப்போனதை நம்பினேன்.