வந்தவங்க எப்பிடி வந்தாங்க?

“...அத்த வுடுங்க. கொணமாயி நடந்து போனாங்க, சரி. வரும்போது எப்பிடி வந்தாங்க? அத்தச் சொல்லுங்க மொதல்ல.”

கேட்டது என் அக்கா. மாட்டிக்கொண்டவர் அவளுடைய வீட்டுக்காரர், என் மாமா. பக்கவாதம் வந்து அக்காவின் வலது கைக்குப் பிடி தளர்ந்திருந்தது. வாய்கூட லேசாகக் கோணியிருந்தது. கேள்வி மட்டும் நேராக வந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அக்காவின் கைக்காக மலைமேல் கரியாலூரில் ஓர் எண்ணெய் வைத்தியரைப் பார்க்கப் போன மாமா, பஸ் இல்லாமல் மலையிலேயே சில நாள் தங்கிவிட்டு, நைனார்பாளையத்து வீட்டுக்கு அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். வைத்தியரிடம் வந்த நோயாளிகள் எல்லாரும் குணமாகி நடந்து போனதைப் பார்த்தாராம். வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டால் ஒரு மண்டலத்துக்குக் கையை அசைக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் நிறுத்திவிட வேண்டுமாம். அக்கா தையல்காரி. அந்தக் கை முடங்கினால் மெஷினும் முடங்கியதுதான்.

“நடந்துதான் வந்தாங்க. பஸ்சு ஏது?” என்றார் மாமா.

“அப்ப நடக்க முடிஞ்சவங்கதான வந்திருக்காங்க! படுத்துக் கெடந்தவன் ஊர்லயே கெடந்திருப்பான். அவன யாரு கணக்குல சேத்தது?”

“கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன், வக்கீல் மாரி மடக்கறியே! ஒன் டாக்டரு மட்டும் கைய வர வெச்சிட்டாரா?”

“வராமயும் போவும்னு சொன்னாருங்க. செல பேருக்குத் தானாவே கொஞ்சம் திரும்பும், அதுக்கு நான் பேரு வாங்கிக்க மாட்டேன்னும் சொன்னாரு. ஒங்க வைத்தியரு அப்பிடி ஒரு வார்த்த சொன்னாரா?”

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பள்ளிப் படிப்பு கம்மி. மற்றதெல்லாம் நானாகத் தேடிப் படித்தது. இன்றைக்கும் ‘ஆராய்ச்சியில் நிரூபித்தது’ என்று யாராவது புதுச் சிகிச்சையை நீட்டினால், அவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை. குணமாகாதவர்கள் எங்கே? பாதியில் நின்றவர்கள் எங்கே? ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

அன்றைக்கு எனக்கு மாமாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. “ஏங்க்கா, ஒனக்காகத்தான மாமா இம்மா தூரம் அலஞ்சிட்டு வந்திருக்காரு?”

“அதுக்கு சோறு போடறேன். கையக் குடுக்க மாட்டேன்.”

தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் புடவையோடு பிடித்துக்கொண்டு, வலது கையால் கரண்டியை எடுத்தாள். பாதிச் சோறு தரையில் விழுந்தது. மறுபடியும் அள்ளினாள்.