பாஸ், ஆனால் இங்கே இல்லை

காலையில் பள்ளி வேனின் ஹாரன். எங்கள் தெருமுனையில் அது இப்போது நிற்பதில்லை. ஒரு தடவை அலறிவிட்டுப் போகிறது. வேனுக்குள் இருக்கும் என் மகளின் தோழி டிரைவரிடம் சொல்லி அடிக்க வைக்கிறாள். அதைக் கேட்டதும் என் நாக்கு தானாகச் சுருண்டுகொள்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் மகள் கணக்கில் தேறவில்லை. அந்தத் தனியார் பள்ளியில் யாரையும் ஃபெயில் ஆக்க மாட்டார்கள். பத்தாவதில் எல்லோரும் தேர்ச்சி என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்ட வேண்டுமே! அதனால் தேறாத பிள்ளைக்கு 'பாஸ்' போட்டு, கையோடு டி.சி.யும் கொடுத்து, வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பெற்றவர்கள் போய்க் கெஞ்சினால் மறுதேர்வு வைப்பதுண்டு. தேறினால் அங்கேயே இருக்கலாம். மகளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழியை விட்டு அவள் எங்கே போவாள்?

கெஞ்சப் போன அன்று, பைக்கில் போகும்போதே பின்னாலிருந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

"நைனா, 'இன்னொரு டெஸ்ட் வைங்க மேடம், படிக்க வைக்கிறேன்'. அவ்ளோதான். வேற எதுவும் பேசாத."

"தெரியும்மா."

"உனுக்குத் தெரியாது. மைக்கே இல்லாம பேசுவ நீ."

தலைமையாசிரியை அறை ஜன்னலில் ராஜகிரி வெயிலைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது. மலையைப் பார்த்தால் கவியரங்கக்காரனான எனக்கு வாய் நிற்காது. கெஞ்சலைத்தான் தொடங்கினேன், பாதி வாக்கியத்தில் கால் வழுக்கிக் கவிதைக்குள் விழுந்துவிட்டேன். மார்க் என்ன மேடம், வெறும் எண். படிக்கட்டைக் கேட்டா பாறை வளர்ந்தது? கற்கிற பிள்ளைக்கு மரத்தடியும் பள்ளிக்கூடம், மழையும் வாத்தியார். எங்கே உட்கார்ந்தாலும் அது படிக்கும்!

மகள் பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். கைதட்டல் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அருமையா சொன்னீங்க சார். டெஸ்ட் வைக்கலாம்னுதான் இருந்தேன். உங்களுக்கே மனசு இவ்ளோ தெளிவா இருக்கும்போது, எந்த ஸ்கூலா இருந்தா என்ன? டி.சி. ரெடியா இருக்கு, வாங்கிக்குங்க."

அப்போதுதான் என் வாழ்நாளின் முதல் மௌனத்தை இயற்றினேன். அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே படைப்பு. வீடு வரைக்கும் மகளும் அதே நடையில் வந்தாள்.

ஜூனில் அரசுப் பெண்கள் பள்ளி. சேர்க்கைக்கு அவள் அம்மாவை அழைத்துக்கொண்டாள். எனக்கு பைக் ஓட்டுகிற வேலை மட்டும். இருந்தாலும் கேட்டில் இறங்கி, தலையைச் சீவி, காலர் பட்டனைப் போட்டுக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நைனா, நீ இங்கியே நில்லு. உள்ள வந்து பேசினன்னா, சேர்றதுக்கு முன்னாடியே டி.சி. குடுத்துடுவாங்க."