அத்தை போட்ட இரண்டு முடிச்சுகள்

பிள்ளைகளே,

உங்கள் அத்தை நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. என் அக்காவைப் பற்றி மனதில் நிற்பதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் ஒலக்கூர் பக்கம் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே பூ வாசம் பட்டால் அவருக்கு மூச்சிரைக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் மல்லிகைப் பந்தோடு வந்தார்கள். அவர்கள் எதிரிலேயே இரைப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. எந்த விசேஷமானாலும் மண்டப வாசலோடு நின்றுகொள்வார்.

திண்டிவனத்தில் பாசிமணியும் மெல்லிய கம்பியும் வாங்கி வந்து, மணியைக் கோத்து இதழ் இதழாக வளைத்துப் பூ செய்து, கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தார். கம்பி முனை யாரையும் குத்தக்கூடாது என்று ஒவ்வொரு பூவையும் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார்.

எனக்கு விழுப்புரத்தில் பெண் அமைந்தது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடுவது நம் வழக்கம். தலை நிறைய மல்லிகை வைத்த பெண்ணுக்குப் பக்கத்தில் அக்கா எப்படி நிற்பார்?

"சித்தப்பா பொண்ணு போடட்டும்டா. நான் வாசல்ல நின்னுகினு பாக்கறேன்" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இது காதுக்கு எட்டியதும் உங்கள் அம்மா நேரில் வந்துவிட்டார். "அண்ணி, என் ஜடைக்கு நீங்களே பூ செஞ்சி குடுங்க. நீங்க முடிச்சு போடலன்னா நான் மணையில குந்த மாட்டேன்."

அக்கா வெள்ளை மணியில் ஜடைப் பூ செய்தார். அட்சதையில் பூ கலக்கவில்லை. மாலையைத் தாலி கட்டின பிறகு போட்டுக்கொண்டோம்.

"விழுப்புரத்துல பூக்காரங்களே இல்லியா? பொம்மைக்கு வெக்கறத வெச்சினு வந்து நிக்கிற" என்றார் பெண்ணின் பெரியம்மா.

"வாசனை வேணும்னா நீ வெச்சிக்க பெரியம்மா. ஆனா தள்ளி நின்னுக்க" என்றார் உங்கள் அம்மா.

அக்கா மேடை ஏறினார். இரண்டு முடிச்சையும் போட்டார். ஒரு இருமல்கூட வரவில்லை.

போன வருடம் அவர் உடல் வீட்டில் இருந்தபோது எல்லோரும் மாலையோடு வந்தார்கள். உங்கள் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பூவ வெளியவே வெச்சிடுங்க. அண்ணிக்கு ஆவாது."

"போன உசுருக்கு இன்னாம்மா மூச்சு வாங்கப் போவுது?" என்று ஒருவர் கேட்டார்.

உங்கள் அம்மா பீரோவிலிருந்து அந்த மணிப் பூவை எடுத்து, தன் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, அக்கா தலையில் வைத்தார்.

இரைப்பு வந்தபோதெல்லாம் அக்காவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பக்கத்து வீட்டு ஆட்டோக்காரத் தம்பிக்கு எங்கள் நன்றி. கொண்டுவந்த மாலையை வாசல் முருங்கையில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்த எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.