கதிரை றோய் கூடாரம் தேடிய கதை

என் தம்பி றோயைப் பற்றி மட்டக்களப்பு டவுனில் விசாரித்தால், "எந்த றோய்?" என்றுதான் கேட்பார்கள். கதிரை றோய் என்று சொன்னால்தான் "ஓ, அவனா!" என்று முகம் மலரும், அல்லது வாடும். கல்யாணம், சாமத்தியம், முதல் நன்மை, செத்த வீடு எதுவானாலும் பந்தலும் பிளாஸ்டிக் கதிரையும் அவனிடமிருந்துதான் போகும். கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்து சொல்லிவைப்பார்கள். சாகிறவர் அப்படிச் சொல்லிவைக்க மாட்டார். அதனால் கைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் தூங்குவான். யார் கூப்பிட்டாலும் "இல்லை" என்ற சொல் அவன் வாயில் வராது.

அவனுடைய சின்ன லொறி ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், சனம் வெளியே வந்து நோயாளி இருக்கிற வீட்டை எட்டிப் பார்க்கும். கோயிலில் முன்வாங்கில் குந்தியிருக்கிற யாராவது பலமாக இருமினால் இவன் மனதுக்குள் கதிரை எண்ணத் தொடங்குவான். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுடா, மூதேவி" என்று நான் பூசை நேரத்தில் அவன் தொடையைக் கிள்ளியிருக்கிறேன். நான் சுகந்தினி, அவனுக்கு மூத்தவள். அடுத்த வளவில்தான் இருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும், என் வாய்தானே.

றோயின் மனைவி அஞ்சலா. மகன் டிலுக்ஷனுக்கு ஏழு வயது, மகள் ஷெரோமிக்கு நாலு. அப்பன் செய்யும் தொழிலைப் பார்த்துப் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டே செத்த வீடுதான். ஷெரோமி பாயில் படுத்துச் செத்துப்போவாள். டிலுக்ஷன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சுவாமியாராகச் செபம் சொல்லுவான். இப்படி ஒழுங்காக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் கைபேசியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துப் படுத்திருப்பதைப் பார்த்துத் தொலைத்துவிட்டான். நாமும் ஓகஸ்ட் லீவுக்கு அப்படிப் போகவேண்டும் என்று பிடித்தான் ஒரு பிடி. றோய்க்குத்தான் "இல்லை" என்று சொல்லத் தெரியாதே. "ஓம் மனே, போவம்" என்று சொல்லிவிட்டான்.

வீடு, கட்டில், காற்றாடி எல்லாம் இருக்கிற மனிசர் மணலில் போய்ப் படுப்பது என்ன விடுமுறையோ எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தையும் சொல்லவேண்டும். ஊரிலுள்ள நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நின்றவன், தன் பிள்ளைகளோடு ஒரு முழு நாள் இருந்ததில்லை. மகளின் பிறந்தநாள் விருந்தில்கூடப் பாதியில் எழும்பி ஒரு செத்த வீட்டுக்கு ஓடியவன். ஒரே ஒரு தடவை நாலு பேரும் சேர்ந்து போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை. "அஞ்சலா வராட்டிப் பயணமே இல்ல அக்கா" என்றான்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. அஞ்சலாவுக்குச் சொந்த ஊர் வாகரை. சுனாமி வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அவளுடைய அம்மா ஜெசிந்தாவைக் கடல் கொண்டுபோனது, உடம்பைக்கூடத் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு யாரோ கொடுத்த வெள்ளைக் கூடாரத்தில் சீவியம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் சண்டை வந்து, ஓடி, இன்னொரு ஊரில் இன்னொரு கூடாரம். அவளிடம் போய், "இஞ்சேருங்க, லீவுக்குக் கூடாரத்துல படுப்பமா?" என்று கேட்டிருக்கிறான் என் தம்பி. வேறு யாராக இருந்தாலும் அகப்பைக் காம்பால் அடி விழுந்திருக்கும். அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். "கூடாரத்தப் பாப்பம், மறுகா சொல்லுறன்" என்றாள்.

ஏறாவூரில் நௌஷாட் நானாவின் கடையில் கூடாரம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு எல்லோரும் போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்கக்கூடாது, லொறியில் இடம் இருந்தது. நௌஷாட் நானா ஒரு சின்னப் பையிலிருந்து நீலக் கூடாரம் ஒன்றை எடுத்து உதறினார். அது கடை வாசலில் தானாகவே விரிந்து எழும்பி நின்றது.

"நாலு பேர் தாராளமாப் படுக்கலாம் றோய்" என்றார்.

றோய் பிள்ளைகளோடு உள்ளே ஊர்ந்து படுத்தான். முழங்காலுக்குக் கீழே அவ்வளவும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நானா, படுக்கிற நாலு பேரும் வளரப்படாது என்டு எழுதியிரிக்கா பாருங்க" என்றேன். அந்த மனிசனும் நல்லவர், சிரித்தார்.

றோய் வெளியே வந்து, "நீங்களும் ஒருக்காப் பாருங்க அஞ்சலா" என்றான். அவள் குனிந்து உள்ளே போனாள். ஷெரோமி விளையாட்டாகக் கூடாரத்து வாசல் சிப்பை இழுத்து மூடினாள், சிப்பு இறுகிக்கொண்டது. உள்ளே முதலில் சத்தமே இல்லை. பிறகு துணியை உள்ளிருந்து தடவும் கைகள் தெரிந்தன. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே. பிறகு அவள் போட்ட கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. றோய் சிப்பைப் பிய்த்தெறிந்து அவளை வெளியே எடுத்தான். நௌஷாட் நானா "அல்லாவே, புள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்று ஓடினார். பிய்ந்த கூடாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அஞ்சலா லொறியில் சாய்ந்து நின்று தண்ணீர் குடித்தாள். "எனக்குக் கூடாரம் பயமில்ல மச்சாள்" என்றாள் என்னிடம். "அந்த நாளையில இருட்டுக்க வாசல் தெரியாது. கடல் வாற மாதிரிச் சத்தம் கேக்கும். ராவெல்லாம் துணியத் தடவித் தடவி வாசலத் தேடுவன். அம்மா இருந்தாக் காட்டியிருப்பா." நான் என் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதோடு விட்டுத் தொலைப்பான் என்று நினைத்தேன். இவன் விடுகிற ஆளா? இரண்டு நாள் பேயறைந்தவன் மாதிரித் திரிந்துவிட்டு, ஒரு காலையில் என் குசினிக்குள் வந்து தொடையில் தட்டினான்.

"அக்கா, வாசல் தேடத் தேவையில்லாத கூடாரம் என்னட்டயே கிடக்கு! நாலு கால், மேல தறப்பாள். சுத்திவர வாசல்தான்!"

"அடேய், செத்த வீட்டுப் பந்தலுக்குள்ளயாடா பச்சப் புள்ளையளப் படுக்க வைக்கப் போறாய்?"

"அதே பந்தலுக்குள்ளதான் கலியாணமும் நடக்குது. இரும்புக் காலுக்கு என்ன தெரியும்?"

அஞ்சலாவிடம் சொன்னான். "அதெண்டா வாறன்" என்றாள். எந்தக் கரைக்குப் போவது என்று அவன் கேட்டதற்கு, "எங்கட ஊர்க் கரைக்கே போவம். மத்தக் கடலெல்லாம் என்ன செய்யுமோ எனக்குத் தெரியா" என்றாள். கல்யாணம் முடித்து வந்த நாள் தொட்டு வாகரைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் அப்படிச் சொன்னதும் றோய் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

புறப்பட்டோம். ஓகஸ்ட் மாதம் திருவிழாக் காலம். நிறநிறமான துணியெல்லாம் வாடகைக்குப் போய்விட்டது, மிச்சம் கிடந்தது வெள்ளை மட்டும். ஓட்டமாவடியில் பாண் வாங்கினோம். பனிச்சங்கேணிப் பாலம் தாண்டும்போது அஞ்சலா கண்ணை மூடிக்கொண்டாள். வாகரைக் கரையில் தென்னைகளுக்குப் பக்கத்தில் லொறியை நிறுத்தி, றோய் பந்தலை ஊன்றினான். கச்சான் காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினான். வெய்யிலுக்கு மேற்குப் பக்கம் வெள்ளைத் துணி தொங்கவிட்டான். ஒரு மீன் வியாபாரியிடம் இரவல் வாங்கிய நீளமான ஐஸ் பெட்டியில் சோடாவும் பிள்ளைகளின் சாப்பாடும் இருந்தன. மணல் ஏறாமலிருக்க அதை நடுப்பந்தலில் இரண்டு மர வாங்குகளின் மேல் வைத்து, சூடு படாமல் ஒரு வெள்ளைத் துப்பட்டியால் மூடினான்.

பிறகு கை சும்மா இருக்குமா? வீட்டில் நாலு கதிரை எடுத்துவா என்று சொன்னவள் நான். லொறியில் எப்போதும் கிடக்கிற கதிரை அடுக்கு அப்படியே வந்திருந்தது. பந்தலைக் கண்டால் கதிரை போடாமல் இருக்கத் தெரியாத பிறவி, இரண்டு பக்கமும் வரிசையாக, நடுவிலிருந்த பெட்டியைப் பார்த்தபடி, அத்தனை கதிரையையும் போட்டு முடித்தான். எனக்கும் அப்போது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவனோடு கிடந்து கிடந்து என் கண்ணும் பழகிப்போயிருந்தது.

"வீடியோல கதிரை இல்லையே அப்பா" என்று டிலுக்ஷன் சிணுங்கினான்.

"அவனுகளிட்ட இருந்திருக்காது மனே" என்றான் றோய்.

முதலில் சைக்கிளில் போன ஒருவர் பந்தலைக் கண்டதும் இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். எவ்வளவு மரியாதையான ஊர் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள், கையில் சீனிப் பார்சலும் தேயிலைப் பைக்கற்றும். ஒருத்தி அஞ்சலாவை உற்றுப் பார்த்தாள். "ஜெசிந்தாட மகளெல்லோ!" என்று அவளைக் கட்டிப்பிடித்து, "என்ர ராசாத்தி, இதுக்கா ஊருக்கு வந்தநீ!" என்று பெருங்குரலில் அழத் தொடங்கினாள். செத்தது ஆரென்று தெரியாமலே அந்த அழுகை. அஞ்சலா சீனிப் பார்சலைப் பிடித்துக்கொண்டு ஆப்பிழுத்த குரங்கு மாதிரி முழித்தாள். றோய் வழக்கம்போல வந்தவர்களுக்குக் கதிரையை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், மடையன்!

பின்னாலேயே கதிர்காமத்தம்பி என்ற மீனவர் வந்தார். அஞ்சலாவின் பழைய வளவுக்குப் பக்கத்து வளவுக்காரர். சாரத்துக்கு மேலே செத்த வீட்டுக்கென்றே ஒரு சட்டை போட்டிருந்தார். நேராக ஐஸ் பெட்டிக்கு முன்னால் போய், கையைக் கூப்பிக் கண்ணை மூடினார். அந்த நேரம் பார்த்து டிலுக்ஷன் ஓடிவந்து, துப்பட்டியை விலக்கி, பெட்டியைத் திறந்து, ஒரு சோடாப் போத்தலை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அழுதவள் பாதியில் நின்றாள்.

"ஒருத்தரும் சாகல்ல மாமா" என்றாள் அஞ்சலா. "சும்மா புள்ளையளோட ரெண்டு நாள் படுத்திட்டுப் போக வந்தம்."

"சும்மாவா?" கதிர்காமத்தம்பி பந்தலை அண்ணாந்து பார்த்தார், பாயைப் பார்த்தார். "கூடாரத்துலயா? சாமிக்கு நேத்தி வைச்சு நாங்க விட்டுட்டு வந்த சீவியத்த நீங்க லீவு போட்டுத் தேடி வந்திரிக்கியளோ?"

முதலில் சிரித்தது அஞ்சலாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மணலில் குந்திச் சிரித்தாள். கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதவளும்கூட.

சிரித்து முடிந்ததும் அவள் எழும்பி ஒவ்வொருவருடைய சீனியையும் தேயிலையையும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினாள். கதிர்காமத்தம்பியும் கிளம்ப எழும்பினார். எழும்பியவர் வரிசையாகக் கிடந்த கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்ர அம்மைக்கு இப்பிடி ஒரு பந்தல் போட ஏலாமப் போச்சு புள்ள" என்றார். "பூசை வைச்சாங்க. கதிரை போட ஊருல வீடுமில்ல, வந்து இருக்க ஆக்களுமில்ல."

அஞ்சலா கையிலிருந்த சீனிப் பார்சலைப் பார்த்தாள். பிறகு அதைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"இரிங்க மாமா. எல்லாரும் இரிங்க. மச்சாள், கேத்தில வைங்க."

நான் கேத்திலை வைத்தேன். பால் இல்லாத தேத்தண்ணி, செத்த வீட்டில் கொடுக்கிற அதே தேத்தண்ணி. சனம் வந்துகொண்டே இருந்தது. ஜெசிந்தா குழாயடியில் யார் யாருடைய குடத்தை உருட்டிவிட்டாள் என்று பெண்கள் சொன்னார்கள். தான் இரவல் வாங்கின சட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஜெசிந்தா தன் துடுப்பைத் தூக்கி ஒளித்துவைத்துவிட்டு, கடலுக்குப் போகவிடாமல் வாசலில் நின்று ஏசினாள் என்று கதிர்காமத்தம்பி சொன்னார். "சட்டி மட்டும் கடலுக்குத் தப்பி இன்னும் என்னட்டத்தான் கிடக்கு" என்றார். யாரோ கடதாசிக் கூட்டம் கொண்டுவந்து, செத்த வீட்டில் போலவே, ஒரு மூலையில் சீட்டு விளையாடத் தொடங்கினார்கள். அம்மாவைப் பற்றி அதிகம் பேசாத அஞ்சலா, அம்மா தன் காதைத் திருகுகிற விதத்தை எழும்பி நின்று நடித்துக் காட்டினாள். ஷெரோமி தன் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் வெட்டப் போனேன்.

காலையில் நான் எழும்பியபோது அஞ்சலா பந்தலின் நடுவில், இரண்டு பக்கமும் பிள்ளைகளோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வெய்யில் முகத்தில் விழுந்தும் அசையவில்லை. கோழி கூவுவதற்கு முன் எழும்புகிறவள். றோய் சத்தம் போடாமல் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அடுக்காதீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "கடலுக்குப் போன ஆக்கள் பின்னேரம் வருவாங்க. அம்மாக்கு வேண்டிய ஆக்கள் கனபேர்."

அந்த நேரம் றோயின் கைபேசி அடித்தது. டவுனில் ஒரு பெரிய வீட்டில் யாரோ காலமாகிவிட்டார், பந்தலும் கதிரையும் உடனே வேண்டுமாம். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்றான் என் தம்பி. "பந்தல் இல்ல ஐயா. வாகரையில ஒரு செத்த வீட்டுல நிக்குது."

அந்தப் பக்கம் செத்தது ஆரென்று கேட்டிருக்கவேண்டும்.

"என்ர மாமி" என்றான். "இருவது வருசமாச்சு. இப்பதான் ஆக்கள் வந்துகொண்டிரிக்காங்க."

கைபேசியை அணைத்துச் சாரத்துக்குள் செருகிவிட்டு, அடுக்கிய கதிரைகளை ஒவ்வொன்றாக மறுபடியும் எடுத்துப் போட்டான்.