காய்ந்த ரொட்டிக்குள் அறுபத்திரண்டு பாட்டில்கள்

இஸ்ஃபஹான் நகரத்து ஆர்மீனியர் பேட்டையான ஜுல்ஃபாவில் எந்த வீட்டில் அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டினாலும், வழியனுப்ப முதலில் வந்து நிற்பவர் என் அத்தான் செரோப். கட்டிப்பிடிப்பார், கண் கலங்குவார். கலங்கிய கண்ணைத் துடைத்த கையோடு, "உங்க நிலவறையில பழைய பீர் பாட்டில் ஏதாச்சும் கெடக்கா?" என்று கேட்டும் விடுவார். என் அக்கா ஹஸ்மிக் இதற்காக வெட்கப்படாத நாளில்லை.

அதிலும் எல்லா பாட்டிலும் அவருக்கு ஆகாது. ஈரானில் புரட்சி வந்து மதுவைத் தடை செய்வதற்கு முன்னால், இஸ்ஃபஹான் கடைகளில் பீர் விற்ற காலத்துப் பழுப்பு பாட்டில்தான் வேண்டும். அதன் கண்ணாடி தடித்தது. வாயோரம் நகத்தால் ஒரு சுற்று வருவார், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், அப்புறம்தான் பைக்குள் போடுவார். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மனிதர் முப்பது வருஷத்தில் இப்படிச் சேர்த்தது அறுபத்திரண்டு. அவர் வீட்டிலேயே காய்ச்சும் பீரைக் குடித்தவர்கள் பாட்டிலை அங்கேயே கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுபோன பல் டாக்டருக்கு மூன்று வருஷம் ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை.

பைத்தியம் என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். பத்து வருஷத்துக்கு முன்னால் பாட்டில் பற்றாமல், மாதுளைச் சாறு வந்த பாட்டில்களில் பீரை ஊற்றி மூடிவிட்டார். மூடிய பிறகும் உள்ளே வாயு ஏறிக்கொண்டிருக்கும். சாறு பாட்டில் அதைத் தாங்காது. ஊறுகாய் எடுக்க நிலவறைக்குப் போன மகள் தாலின் முன்னால் ஒன்று வெடித்தது. பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்குப் புருவத்தில் ஏழு தையல். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அன்றிலிருந்து அவளை நிலவறைப் படியில் கால் வைக்க அவர் விட்டதில்லை.

அந்தத் தாலினுக்குத்தான் இந்த வருஷம் ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். தவக்காலத்தில் சர்ச்சில் கல்யாணம் கிடையாது. பீர் பக்குவப்பட அந்த நாட்கள் சரியாக இருக்கும் என்று அத்தான் கணக்குப் போட்டார். கடையில் வாங்க வழியில்லாத நாட்டில், கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெண்ணின் அப்பா காய்ச்சியதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நீல டிரம்மில் நொதித்து முடிந்திருந்தது. நாலு நாளுக்குள் பாட்டிலில் அடைக்காவிட்டால் அத்தனையும் புளித்துவிடும்.

அந்தச் சமயம் பார்த்துப் பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ் நெருங்கியது. ஊரே வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்தது. நிலவறைக்குச் சுண்ணாம்பு அடிக்க அத்தான் பாட்டில்களை வாசல் நடைக்கு ஏற்றினார். வருகிறவர் போகிறவர் கண்ணில் படக்கூடாதே என்று, தெருவில் பழைய சாமான் எடுக்க வரும் உப்புக்காரருக்குப் போடச் சேர்த்து வைத்திருந்த மூன்று காய்ந்த ரொட்டி மூட்டைகளுக்குள் அவற்றைச் செருகி, சத்தம் வராமல் ரொட்டியால் அண்டை கொடுத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. அவ்வளவு கெட்டிக்காரர்!

சாயங்காலம் நான் போனபோது அக்கா பூரிப்பில் இருந்தாள். காய்ந்த ரொட்டிக்கு உப்புக்காரர் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு மேல் தரமாட்டார். உப்பு கொடுத்த காலமெல்லாம் போய், பெயர் மட்டும்தான் மிச்சம். இன்றைக்கோ மூன்று மூட்டைக்கு மூன்று பேசின், ஒரு பக்கெட்! "நல்ல எடை நின்னுச்சாம், கார்னிக்," என்று பக்கெட்டைத் தட்டிக் காட்டினாள். பின்னால் நின்ற அத்தானின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை எழுதினால் அக்கா என்னை வீட்டில் சேர்க்கமாட்டாள். ரொட்டிக்குள் பாட்டிலை ஒளித்து வைக்கும் ஆள் உலகத்தில் உண்டா என்று அவள் கேட்டது நியாயம்தான். கடையில் விற்கிற பாட்டிலில் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்.

"ஊத்தமாட்டேன். கல்யாணத்துல எல்லாரும் மோர் குடிச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தெரியாத கண்ணாடிய தாலின் பக்கத்துல வைக்கமாட்டேன்," என்றார் அத்தான்.

மறுநாள் காலையில் பேசின், பக்கெட் சகிதம் நானும் அவரும் ஊருக்கு வெளியே உப்புக்காரர் யதோல்லாவின் கிடங்குக்குப் போனோம். வாசலிலேயே உடைந்த கண்ணாடி ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அத்தான் மண்டி போட்டுப் பழுப்புச் சில்லு ஒவ்வொன்றாக எடுத்துத் தடிமன் பார்த்தார். நானும் குனிந்து தேடினேன்.

"என் ரொட்டி எங்க மேஸ்திரி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. யதோல்லா. ரொட்டி என்று எடை போட்டுக் கண்ணாடியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவருக்கு நிஜமாகவே கோபம். பேசினையும் பக்கெட்டையும் பார்த்த பிறகு கொஞ்சம் தணிந்தார். பாட்டில் எதற்கு என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு வினிகர் ஊற்ற என்றேன்.

"ஆமாமா, வினிகர்தான். ஜுல்ஃபா வினிகரப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்து வெயிலில் வரிசையாக நின்றன. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவருடைய மனைவி ஸகீனே, தன் வினிகருக்காகவே கழுவியிருக்கிறாள். அத்தான் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். அறுபத்தொன்று.

"இன்னொண்ணு தனியா வெச்சிருக்கேன். கழுத்துல கீறல் ஓடுது. வெயில்ல திருப்பினாத்தான் தெரியும். அதுல எதையும் ஊத்தி மூடிடாதீங்க, யார் மூஞ்சிலயாவது வெடிக்கும்," என்றாள் அவள்.

அத்தான் அந்த பாட்டிலை வெயிலில் திருப்பினார். கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "எனக்குத் தெரியலையே," என்று என்னிடம் நீட்டினார். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. முப்பது வருஷ வெல்டிங் வெளிச்சம் கண்ணை என்ன செய்திருக்கிறது என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. மூட்டை தொலையாமல் இருந்திருந்தால் அன்றைக்கே அதில் ஊற்றி மூடியிருப்பார். வாசல் குவியலில் அதை எறிந்து உடைத்துவிட்டு வந்து, ஸகீனேயிடம் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் நிலவறையில் இறக்கினோம். பிறகு அத்தான் படியடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "தாலின், எறங்கி வாம்மா."

பத்து வருஷத்துக்கு அப்புறம் அவள் இறங்கி வந்தாள். புருவத் தழும்புக்குக் கீழே இருந்த கண்ணைச் சுருக்கி, ஒவ்வொரு பாட்டிலாக விளக்குக்கு நேரே திருப்பினாள். அத்தான் அவளுக்கும் டிரம்முக்கும் நடுவில் கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தார், மூடாத டிரம் என்னவோ வெடித்துவிடப் போவது போல. அறுபத்தோராவதைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குப்பா," என்றாள்.

அத்தான் வழிவிட்டு நகர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்தார்.

"அப்ப நீயே ஊத்து," என்றார்.